ஊரான் பிள்ளையைப் போற்றும் பூமி

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில், அருப்புக்கோட்டையைக் கடந்து தெற்கே எட்டயபுரம் நோக்கிச் செல்வோர் வழியில் காணும் ஊர் பந்தல்குடி. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியின் இயல்பெல்லாம் அங்கே ஒருங்கே விளங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண், ஐப்பசி மழையின் முதல் துளி பட்டதும் களியாகி உழவனின் காலைப் பற்றிக்கொள்ளும். பருத்தியும் கம்பும் சோளமும், உளுந்தும் பாசிப்பயறும், மல்லியும் மிளகாயும் வானத்தை நம்பியே விளைகின்றன. கண்மாய் நிறைந்த ஆண்டு நல்ல ஆண்டு. நிறையாத ஆண்டில் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் இந்தச் சீமையில் பல. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் உண்டு. அதை வெட்டி எடுக்கும் சுரங்கங்களும் ஊரை ஒட்டியே இருக்கின்றன.

இத்தகைய பூமியில் வாழ்வோர் நிலத்தை விடவும் படிப்பை நம்பத் தொடங்கியதில் வியப்பில்லை. தீப்பெட்டி ஆபீசிலும் நூற்பாலையிலும் உழைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று கல்விக்கடன் பெற்று, இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மேற்படிப்புக்காகப் புறப்படுகின்றனர். புறப்படுமுன் குலதெய்வத்தின் சந்நிதியில் பொங்கல் வைத்து, மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைப்பது வழக்கம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமர்ந்து அருள்பாலிக்கும் இருக்கன்குடி மாரியம்மனிடம் நேர்ந்துகொள்வோரும் உண்டு. பிள்ளை விமானம் ஏறிய பிறகு தாயின் நெஞ்சில் எழும் கவலைகள் பல. நேரத்துக்கு உண்கிறானா? குளிரைத் தாங்குகிறாளா? நல்லது கெட்டதைச் சொல்ல அருகில் ஒருவர் உண்டா? தெய்வ நினைவு மாறாமல் இருக்குமா?

இக்கவலைகளுக்கு ஒரு மருந்து கடல் கடந்த கோயில்களிலேயே இருக்கிறது. அங்கெல்லாம் வார இறுதியில் சிறுவர்க்கான சமய வகுப்பும் தமிழ் வகுப்பும் நடைபெறுவது வழக்கம். அவற்றில் ஊதியமின்றித் தொண்டு புரிவோரில் படிக்கச் சென்ற மாணவ மாணவியரும் உண்டு. ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பது நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பழமொழி. அதன் முழுப் பொருளையும் அறிய விரும்புவோர், பந்தல்குடியை நடுவாக வைத்துத் தெற்கே ஒரு பயணமும் வடகிழக்கே ஒரு பயணமும் செய்தால் போதும்.

எட்டயபுரத்தில் எரிந்த அடுப்பு

பந்தல்குடியிலிருந்து தெற்கே செல்லும் சாலை எட்டயபுரத்தை அடைகிறது. மகாகவி பாரதியார் பிறந்த ஊர் என்றே பலரும் அதை அறிவர். அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1950-களின் நடுவில், முதலமைச்சராக இருந்த காமராசர், பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தை அங்கே தொடங்கி வைத்தார். விருதுநகரில் பிறந்து, வறுமையால் இளமையிலேயே பள்ளியை விட்டவர் அவர். பசித்த வயிறோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பது அவருக்கு ஏட்டில் படித்த செய்தியாக இருக்கவில்லை.

அரசின் பணம் மட்டுமே அந்த அடுப்பை எரிக்கவில்லை. தொடக்கத்தில் ஊரார் கொடுத்த நெல்லும் பருப்பும் காய்கறியும் விறகும் அதற்குத் துணை நின்றன. தன் வீட்டுப் பிள்ளை உண்ணும் அதே நேரத்தில் அடுத்த தெருப் பிள்ளையும் உண்ண வேண்டும் என்று எண்ணியவர்களின் கொடை அது. கரிசல் பூமியில் இன்று அயல்நாடு வரை சென்று படிக்கும் இளைஞர்களின் குடும்பங்களில், தாத்தாவோ தந்தையோ அத்தகைய சத்துணவை உண்டு எழுத்துக் கற்றவராக இருக்கக் கூடும். ஆகவே ஊரார் பிள்ளைக்குச் செய்யும் தொண்டு இந்த மண்ணின் பிள்ளைகளுக்குப் புதிய கொடை ஆகாது. முன்பு வாங்கிய கடனைத் திருப்பும் வழியாகும்.

சுழித்த வெள்ளம்

அடுத்த பயணம் அருப்புக்கோட்டைக்குத் திரும்பி, அங்கிருந்து கிழக்கே திருச்சுழிக்குச் செல்வது. நெசவுக்கும் மல்லிகைக்கும் பெயர் பெற்ற அருப்புக்கோட்டையின் கடைவீதியில் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு புறப்பட்டால், குண்டாற்றின் கரையில் திருமேனிநாதர் திருக்கோயில் அன்பர்களை வரவேற்கும். இறைவியின் திருநாமம் துணைமாலையம்மை. பாண்டிநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற பதினான்கு தலங்களுள் ஒன்று இது. ஊழிப் பெருவெள்ளம் உலகை மூடவந்தபோது இறைவன் தம் சூலத்தால் நிலத்தில் துளையிட்டு, வெள்ளத்தைச் சுழித்து உட்புகச் செய்தார் என்றும், அதனாலேயே சுழியல் என்று பெயர் வந்தது என்றும் தலபுராணம் கூறும். மழைக்கு ஏங்கும் நாட்டில் வெள்ளத்தைத் தடுத்த இறைவன் எழுந்தருளியிருப்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

இத்தலத்தைப் பாடியவர் சுந்தரமூர்த்தி நாயனார். சேரமான் பெருமாள் நாயனாரோடு பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கி, இராமேசுவரத்தைத் தரிசித்த பின் அவர் திருச்சுழியலுக்கு வந்தார். அங்கே தங்கியிருந்த இரவில், கையில் செண்டும் தலையில் சுழியமும் கொண்ட காளைப் பருவத்து வடிவில் இறைவன் கனவில் தோன்றித் தாம் இருப்பது கானப்பேர் என்று அருளினார். கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோயில். முதியவராகவும் யோகியாகவும் தோன்ற வல்ல பெருமான், இவ்வூரில் கையில் செண்டேந்திய இளைஞராக வந்தார் என்பது சிறுவர்க்குச் சொல்லத் தக்க அழகிய கதை.

பிறர் வீட்டில் வளர்ந்த நாயனார்

சுந்தரரின் வாழ்வே ஊரான் பிள்ளை வளர்ந்த கதைதான். திருநாவலூரின் வீதியில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தையைக் கண்டார் நாட்டை ஆண்ட நரசிங்கமுனையரையர். கண்டவுடன் அன்பு மீதூர, பெற்றோரான சடையனாரிடம் வேண்டிப் பெற்றுத் தம் மகனைப் போலவே வளர்த்தார். அந்த நரசிங்கமுனையரையரும் அறுபத்து மூவருள் ஒருவராகப் போற்றப்படுகிறார். தம் குலத்தில் பிறவாத ஒரு குழந்தையை அன்போடு வளர்த்ததையும் திருத்தொண்டாகவே போற்றியது நம் சமயம்.

அப்படி வளர்க்கப்பட்டவர் பின்னாளில் என்ன செய்தார் என்பதை அவிநாசி சொல்லும். சேரநாட்டை நோக்கித் தொலைதூரம் செல்லும் வழியில் சுந்தரர் அவ்வூர் வீதியில் நடந்தார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகை ஒலி. காரணம் கேட்டார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து மடுவில் குளிக்கச் சென்றதையும், ஒருவனை முதலை விழுங்கியதையும், தப்பிய பிள்ளைக்கு இன்று உபநயனம் நடப்பதையும் சொன்னார்கள். மகனை இழந்த பெற்றோர் வந்திருப்பவர் நம்பியாரூரர் என்று அறிந்து, அழுகையை அடக்கி முகம் மலர்ந்து வணங்கினர். தமக்கு உறவில்லாத ஊரில், உறவில்லாத குழந்தைக்காகச் சுந்தரர் தம் பயணத்தை நிறுத்தினார். வற்றிய மடுவின் கரையில் நின்று பதிகம் பாடினார். மடு நிறைந்தது, முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. கழிந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு மகனைப் பெற்றோரிடம் ஒப்படைத்த பிறகே அவர் சேரநாட்டுக்குச் சென்றார்.

மேற்படிப்பு என்ற நெடும்பயணத்தில் இருக்கும் இளைஞருக்கு இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். போகும் இடம் முக்கியம். வழியில் ஒரு குழந்தைக்காகச் சிறிது நேரம் நிற்பதும் முக்கியம். நின்றதனால் சுந்தரரின் பயணம் கெட்டுவிடவில்லை.

சுந்தர மந்திரத்துப் பிள்ளை

திருச்சுழிக் கோயிலை அடுத்து அன்பர்கள் தவறாமல் செல்லும் இடம் சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்திரா தரிசனத்தின் நடுநிசியில், நடராசப் பெருமான் வீதியுலா முடிந்து கோயிலுக்குத் திரும்பும் வேளையில், சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் இவ்வீட்டில் பிறந்த வேங்கடராமனே பின்னாளில் பகவான் ரமண மகரிஷி. 1892-இல் தந்தை மறைந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தமையனோடு மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் வீட்டில் வளர்ந்தான். பெற்றவள் வேறிடத்தில் இருக்க, உறவினர் வீட்டில் உண்டு உடுத்துப் படித்த அந்தப் பிள்ளைக்கு அதே வீட்டின் மாடியில்தான் மரண அனுபவமும் ஞானமும் வாய்த்தன. 1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையை விட்டுப் புறப்பட்டுச் செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார்.

அப்படி வளர்ந்தவரின் நிழலில் அயல்நாட்டுப் பிள்ளைகளும் வளர்ந்தனர். ஆங்கிலேயரான ஆர்தர் ஆஸ்பர்ன் சயாம் நாட்டில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். 1941-இல் அவருடைய மனைவியும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்து தங்கினர். அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் சயாமுக்குள் புகுந்தபோது ஆஸ்பர்ன் சிறைப்பட்டார். தந்தை எங்கே, எப்படி இருக்கிறார் என்று அறியாத குழந்தைகள் பகவானையே தாத்தாவாகக் கருதி அவர் முன் ஓடியாடினர். அப்பா நலமாகத் திரும்பி வரவேண்டும் என்று குழந்தை வேண்டியபோது பகவான் தலையசைத்தார் என்பது ஆசிரமத்து அன்பர்கள் போற்றும் நிகழ்ச்சி. போர் முடிந்து 1945-இல் ஆஸ்பர்ன் நலமாகவே திரும்பினார். அந்தக் குழந்தைகளுள் ஒருவரான ஆடம் ஆஸ்பர்ன்தான், 1981-இல் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கணினியை விற்பனைக்குக் கொண்டு வந்து உலகப் புகழ் பெற்றவர். வேற்று நாட்டில், தந்தையைப் பிரிந்திருந்த குழந்தைகளுக்குத் திருச்சுழியில் பிறந்தவர் அடைக்கலமாக விளங்கினார். இன்று திருச்சுழிச் சீமையின் பிள்ளைகள் வேற்று நாடுகளுக்குச் செல்கிறார்கள்.

கடலுக்கு அப்பால் ஒரு பிராகாரம்

ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. இலண்டனில் ஹைகேட் குன்றில் முருகன் இருக்கிறார். சிட்னியின் மேஸ் ஹில் பகுதியிலும் முருகன் கோயில் கொண்டுள்ளார். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் வேங்கடவன் கோயிலும் நியூயார்க் பிளஷிங் மகா கணபதி கோயிலும் 1970-களிலேயே எழுந்தவை. சின்மயா மிஷனின் பாலவிஹார் வகுப்புகள் பல நாடுகளில் தொண்டர்களைக் கொண்டே நடைபெறுகின்றன.

இவ்விடங்களுக்கு வரும் நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாட்டி என்பவள் பெரும்பாலும் தொலைபேசித் திரையில் தெரியும் முகம். திருநீறு ஏன் பூசுகிறோம், தேங்காய் ஏன் உடைக்கிறோம் என்று கேட்டால் விடை சொல்ல வீட்டில் நேரம் இராது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். அங்கே ஊரிலிருந்து புதிதாக வந்த மாணவி ஒருத்தி, அரிசிமாவைப் பிசைந்து பிள்ளையார் பிடிக்கக் கற்றுத் தந்தால், அம்மையப்பரைச் சுற்றி வந்து கனி பெற்ற கதையும் தானே உடன் வரும். புள்ளிக் கோலம் போட்டால் எண்ணிக்கை வரும். தாளம் தட்டி ஒவ்வோர் அடியாகச் சொன்னால் தேவாரம் நாவில் தங்கும். அச்சிறு வயதினர் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் அமரமாட்டார்கள். ஆதலால் கதை, பாட்டு, கைவேலை, ஓட்டம் என்று மாற்றி மாற்றி நடத்துவதே முறை.

இத்தொண்டின் பயன் குழந்தைகளோடு நிற்பதில்லை. குழந்தைக்குச் சொல்வதற்காகவே, இதுவரை வாயளவில் பாடிய பாடலின் பொருளை மாணவர் தேடிப் படிக்க நேரும். வாரத்தில் ஒருநாள் தம்மை எதிர்பார்த்துச் சில சிறு முகங்கள் காத்திருக்கும் என்ற எண்ணம் தனிமையின் கடுமையைத் தணிக்கும். கோயிலில் அறிமுகமான குடும்பங்கள் தீபாவளிக்கு ஒரு வாய்ச் சோறு போட மறக்கமாட்டா. பந்தல்குடியில் கவலையுறும் தாய்க்கு இதைவிட ஆறுதல் வேறு உண்டோ?

இதுவும் ஒரு நியமம்

ஆயினும் நல்லெண்ணம் ஒன்றே குழந்தைகள் நடுவே செல்லப் போதுமான தகுதி ஆகாது. இங்கிலாந்தில் குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் தொண்டர்களிடம் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புச் சான்று கேட்கப்படுகிறது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் சிறுவரோடு பணியாற்றுவதற்கென்று தனிச் சரிபார்ப்பு உண்டு. ஜெர்மனியில் விரிவான நன்னடத்தைச் சான்று உண்டு. புதிதாக வந்தவரிடம் தாய்நாட்டுக் காவல்துறைச் சான்றையும் சில அமைப்புகள் கேட்கக்கூடும். பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியே அதனை ஊரிலிருந்து புறப்படுமுன்னரே பெற்றுக்கொள்ளலாம்.

“கோயிலில் தொண்டு செய்யப் போன என் பிள்ளையைப் போலீஸ் சான்று கேட்டார்களாமே!” என்று வருந்தும் பெற்றோர் உண்டு. வருந்த வேண்டுவதில்லை. கருவறைக்குள் செல்லும் சிவாச்சாரியார் நீராடி, நியமங்களை முடித்த பிறகே பெருமானின் திருமேனியைத் தீண்டுகிறார். அது அவர்மீது கொண்ட ஐயத்தால் ஏற்பட்டதா? உள்ளே இருப்பவரின் பெருமையால் ஏற்பட்டது. குழந்தையைக் காக்கும் விதிகளும் அத்தகையனவே. தனியறையில் ஒரு குழந்தையோடு தனித்து இராமை, கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் கடமையைப் பெற்றோரிடமோ அமைப்பின் விதிப்படியோ விடுதல், பெற்றோர் இசைவின்றிப் படம் எடுத்து வெளியிடாமை ஆகிய மூன்றையும் விரதம்போல் காக்க வேண்டும். பிரசாதம் கொடுக்கும்போதும் கவனம் தேவை. முந்திரியோ நிலக்கடலையோ ஒரு துண்டு பட்டாலும் மூச்சுத் திணறும் ஒவ்வாமை உடைய குழந்தைகள் உண்டு. சர்க்கரைப் பொங்கலே ஆனாலும் பெற்றோரைக் கேட்ட பின்பே தருவது கடமை.

விசா விதிகளையும் மறத்தலாகாது. இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். ஊதியமில்லாத பணியும் சில வகைகளில் வேலையாகவே கணக்கிடப்படும். பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு மாணவர்க்கென உள்ள அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே எந்தத் தொண்டையும் ஏற்க வேண்டும். தேர்வுக் காலத்தில் படிப்பே முதல் வழிபாடு. கடன்பட்டு அனுப்பிய தந்தையின் வியர்வைக்கு அதுவே மரியாதை.

விடைபெறும் முறை

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது ஒன்று உண்டு. மாணவர் ஓராண்டிலோ ஈராண்டிலோ படிப்பு முடித்துப் போய்விடுவார். குழந்தை அங்கேயே இருக்கும். சென்ற வாரம் வரை மடியில் அமர்ந்து கதை கேட்ட அக்கா இந்த வாரம் ஏன் வரவில்லை என்று அது தேடும். காரணம் சொல்லத் தெரியாத வயதில், தன் தவற்றால்தான் அக்கா வரவில்லை என்றுகூட எண்ணிக்கொள்ளும். எனவே நிறைவேற்ற முடியாத வாக்கைக் குழந்தையிடம் சொல்லலாகாது. போகும் நாளைச் சில வாரங்களுக்கு முன்பே அறிவித்து, அடுத்து வரும் தொண்டரை உடன் வைத்துப் பழக்கி, விடைபெற்றுச் செல்ல வேண்டும். அவிநாசியில் சுந்தரர் பிள்ளையை மடுவின் கரையில் விட்டுச் செல்லவில்லை. பெற்றோரின் கையில் ஒப்படைத்தே சென்றார். தொண்டின் முடிவும் தொண்டின் ஒரு பகுதியே.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களுக்கு இங்கும் பணி உண்டு. நம் கரிசல் கிராமங்களின் அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் கதை கேட்கக் காத்திருக்கும் பிள்ளைகள் பலர். உரியவர்களின் இசைவு பெற்று, அயல்நாட்டில் காத்த அதே நியமங்களை இங்கும் காத்து, ஒரு மணி நேரம் அவர்களோடு அமர்ந்தால் போதும். வெளிநாட்டுக் குழந்தைக்கு ஒரு நீதி, உள்ளூர்க் குழந்தைக்கு ஒரு நீதி என்பது இல்லை.

பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பும் குடும்பத்தினர் புறப்பாட்டுக்கு முன் ஒருநாளை இப்பயணத்துக்கு ஒதுக்கலாம். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் அருப்புக்கோட்டைக்கு அடிக்கடி பேருந்துகள் உண்டு. அங்கிருந்து திருச்சுழிக்கும், பந்தல்குடி வழியாக எட்டயபுரத்துக்கும் எளிதில் செல்லலாம். காலையில் திருமேனிநாதரையும் துணைமாலையம்மையையும் வணங்கி, சுந்தர மந்திரத்தில் சிறிது நேரம் மௌனமாக அமர்ந்துவிட்டு, மாலைக்குள் எட்டயபுரம் சென்று திரும்ப இயலும். வழிநெடுகப் பிள்ளைக்குச் சொல்ல, மேற்கண்ட கதைகள் இருக்கின்றன.

அம்மையின் திருநாமம் துணைமாலை. தொலைதூரத்தில் இருக்கும் நம் பிள்ளைக்குத் துணை வேண்டும் என்று அவள் சந்நிதியில் கைகூப்பும்போது, அவன் அங்கே யாரோ ஒருவரின் குழந்தைக்குத் துணையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொள்வோம். ஊரான் பிள்ளையை அவன் பார்த்துக்கொள்வான். அவனை அவள் பார்த்துக்கொள்வாள்.